விளம்பரத்தில் 100, பின்கட்டில் 14

கேள்வி: எங்கள் வீடு கீழக்கரையில், பழைய தெருவில் இருக்கிறது. கணவர் குவைத்தில். அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. அப்போதுதான் அவருக்கு ஓய்வு. வீடியோவில் பேச உட்கார்ந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகம் வரும் என்று சொல்லித்தான் இணைப்பு கொடுத்தார்கள். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 14, மிஞ்சினால் 18. கேபிள்காரத் தம்பியிடம் கேட்டால், "உங்க போன் பழசு லாத்தா" என்கிறார். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: நாள் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிற வீட்டுக்கு "போன் பழசு" என்பது போதுமான பதில் இல்லை, சகோதரி. ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். நான் 31 வருடம் தொலைபேசி லைனில் வேலை பார்த்தவன். செம்புக் கம்பி காலத்தில் சேர்ந்து, கண்ணாடி இழை வந்த பிறகு ஓய்வு பெற்று, இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். லைன்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கோளாறு வாசலுக்கு வெளியிலா, உள்ளேயா?

தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டு ரூட்டர் வரைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. ரூட்டரிலிருந்து உங்கள் கை வரைக்கும் காற்றில் போகிறது. போனில் போட்ட ஸ்பீட் டெஸ்ட் இரண்டையும் சேர்த்து அளக்கிறது. அதனால்தான் அவர் உங்கள் போனைக் குறை சொல்ல முடிகிறது, நீங்கள் அவர் லைனைக் குறை சொல்ல முடிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் லேப்டாப் இருந்தால் ஒரு நாள் கடன் வாங்குங்கள். லேன் கேபிளை (ரூட்டரையும் லேப்டாப்பையும் இணைக்கிற கம்பி) ரூட்டரில் நேராகச் சொருகி, மற்ற போன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். காலை 6 மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை. மூன்று நாள் அளந்து நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், திரையைப் படம் பிடித்தும் வையுங்கள். கேபிளில் 90-க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, வேகம் வீட்டுக்குள் தொலைகிறது. கேபிளிலும் 20 தான் என்றால் உங்கள் போனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் வீடு பழைய காரை வீடு என்று நினைக்கிறேன். அந்தச் சுவர்களின் கனம் எனக்குத் தெரியும், துளை போட்டுக் கம்பி இழுத்திருக்கிறேன். வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டிவிடும், வேகம் குறைவு. அதோடு நெருக்கமான தெருவில் எல்லா வீட்டு ரூட்டரும் அதே 2.4-இல் முட்டிக்கொள்ளும். பழைய போன் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். முன்வாசலில் ரூட்டர், பின்கட்டில் நீங்கள், நடுவில் இரண்டு சுவர் என்றால் 14 வருவதில் ஆச்சரியம் இல்லை. இதற்குப் புதுப் போன் வாங்க வேண்டாம். ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் பின்கட்டு வரை லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு சின்ன ரூட்டர் வைக்கலாம். கடையில் ரிப்பீட்டர் என்று ஒன்று கொடுப்பார்கள். சிக்னல் ஏற்கெனவே இளைத்துப் போன இடத்தில் அதை வைத்தால், இளைத்ததைத்தான் திருப்பி அனுப்பும்.

இன்னொன்று முக்கியம். வீடியோவில் பேச 3 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அப்படியானால் 14 இருந்தும் முகம் ஏன் உடைகிறது? ஸ்பீட் டெஸ்டில் எல்லோரும் பெரிய எண்ணை மட்டும் பார்க்கிறோம். அப்லோடு என்று ஒன்று இருக்கும், உங்கள் முகம் அவருக்குப் போகிற வேகம் அது. பிங் என்று ஒன்று இருக்கும், செய்தி போய்த் திரும்புகிற நேரம். ரூட்டர் பக்கத்திலேயே நின்று அளந்தாலும் பிங் 20, 300, 40 என்று தாவிக்கொண்டே இருந்தால் பேச்சு கட்டாயம் உடையும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். எப்போது அளந்தாலும் 94. கூடாமல் குறையாமல் 94. நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "சர்வர் பிரச்சினை சார், சரியாகிவிடும்" என்றார்கள். ஒரே எண்ணில் ஆணியடித்த மாதிரி நிற்கிறதே என்று யோசித்து, லேன் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் ஒன்றில் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்று கண்ணாடி இழையைத் துருப்பிடிக்க வைக்காது, செம்பை விடாது. எட்டும் சரியாக இருந்தால்தான் அந்தக் கம்பியில் 1000 வரை போகும். அதில் சில கம்பிகளில் ஒன்று போனாலும் 100-க்கு இறங்கிவிடும், கையில் கிடைப்பது 94, 95. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன், சரியாகிவிட்டது. ஆகவே 100-க்கு மேற்பட்ட பிளானில் 94-இல் நின்றால் முதலில் கம்பியைப் பாருங்கள்.

கேபிளில் அளந்தும் குறைவாக வந்தால் புகார்தான். "லைன் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "லேன் கேபிளில் ராத்திரி பத்தரைக்கு 20, மூன்று நாளாக" என்று சொல்லுங்கள். வருகிற தம்பியிடம், இழையில் வருகிற வெளிச்சத்தை அளக்கிற பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் வெளிச்சம் வற்றிவிட்டது என்று அர்த்தம், லைன் அறுந்து அறுந்து சேரும். எங்கேயாவது பனை மட்டை விழுந்து இழை நசுங்கியிருக்கும், அல்லது ஜன்னல் ஓரத்தில் ஆணியைச் சுற்றி மடக்கியிருப்பார்கள்.

நிறுவனம் "100 வரை என்றுதானே சொன்னோம்" என்று சொல்லலாம். அந்த "வரை" என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். ஒரு நாள் குறைந்தால் அது பொருந்தும், தினமும் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் பொருந்தாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. தீர்வு வராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கழிக்க வேண்டாம். அதற்கும் மேல் நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிள்காரர் மூலம் இணைப்பு என்றால், பில்லில் இணைய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அவர்களிடமே புகார் பதியுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் ராத்திரி 8 முதல் 11 வரை நெட் நகரவே மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் பறக்கிறது. 3,500 ரூபாய்க்குப் புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. வருமானம் இல்லாத 61 நாளில் 3,500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ரூட்டர் கெட்டிருந்தால் விடியற்காலையிலும் கெட்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எல்லா வீட்டிலும் ஆண்கள் ராத்திரியில் கரையில் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எல்லா டிவியும் ஓடுகிறது. ஒரே இழையைப் பிரித்து 32 அல்லது 64 வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் பரவலாக இருக்கிற ஜிபான் என்ற முறையில் அத்தனை பேருக்கும் சேர்த்து சுமார் 2,500 எம்பிபிஎஸ். அதுகூடப் பெரும்பாலும் போதும். கேபிள்காரர் மேலே நிறுவனத்திடம் வாங்கியிருக்கிற மொத்த அளவு குறைவாக இருந்தால்தான் ராத்திரியில் தெரு முழுக்கப் படுத்துவிடும். அதனால் தனியாகப் போகாதீர்கள். பத்து வீட்டில் ஒரே ராத்திரி, ஒரே நேரத்தில் அளந்து, பத்துப் பேரும் புகார் எண் வாங்குங்கள். அதுவரை பெரிய படங்களை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதம் 20 தேதிக்கு மேல் வேகம் செத்துவிடுகிறது. ஒன்றாம் தேதி உயிர் வருகிறது.
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: டேட்டா வரம்பு முடிந்திருக்கிறது. வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பிளான் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். 2023 முதல் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போகிறதா என்று 21-ஆம் தேதி அளந்து எனக்கும் எழுதுங்கள்.