நெட்டி முறிக்க இரண்டு வருடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். மகன் டொராண்டோவில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருகிச் செய்யும் சிகிச்சை) கடைசி வருடம் படிக்கிறான். படித்து முடித்ததும் கிளினிக் போட்டு உட்காருவான் என்று பார்த்தால், விளையாட்டுக் காயங்களுக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் இன்னும் இரண்டு வருடம் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சி செய்யப் போகிறானாம். லைசென்ஸுக்கு அது தேவையில்லை என்று அவனே சொல்கிறான். நெட்டி முறிக்கிற வேலைக்கு இவ்வளவு படிப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

வி.

அன்புள்ள வி.,

நெட்டி முறிக்க இரண்டு வருடம் வேண்டாம்தான். அதை இந்த நான்கு வருடப் படிப்பிலேயே மகன் கற்றிருப்பார். ரெசிடென்சியில் பிடிபடுவது, எப்போது கையை வைக்கக் கூடாது என்பது.

கால்பந்து ஆடும் பெண் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறாள் என்று வையுங்கள். எக்ஸ்ரே கிடையாது. பின்னால் நின்று கோச் ‘ஆட முடியுமா?’ என்று நச்சரிக்கிறார். அங்கே கைகொடுப்பது 1992இல் ஒட்டாவா மருத்துவர்கள் வெளியிட்ட விதிகள். கணுக்காலின் இரு பக்கப் புடைப்பிலும், நுனியிலிருந்து பின்விளிம்போடு மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எலும்பில் வலிக்கிறதா? நாலு எட்டு வைக்க முடிகிறதா? எலும்பில் வலித்தாலோ, நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். படிக்க ஒரு நிமிடம். கத்துகிற கோச்சை வைத்துக்கொண்டு செய்யத்தான் பழக்கம் வேண்டும்.

தலையில் அடி என்றால் இன்னும் கறார். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை, தலையில் அடிபட்ட சில நாட்களிலேயே மறுபடி ஆடி, மறுபடி அடிபட்டு 2013இல் இறந்துபோனாள். அவள் பெயரில் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் சட்டமே கொண்டுவந்தது. மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும். திரும்ப இறங்க அனுமதி தருவது மருத்துவர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் (உயர் பயிற்சி பெற்ற நர்ஸ்). உங்கள் மகன் தர முடியாது. தன் எல்லை எது என்று தெரிவதும் பயிற்சியில் சேர்த்திதான்.

மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பொறுமை தேவை. முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன் ஆனவரை ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் இறக்கினால் மறுபடி காயப்பட வாய்ப்பு அதிகம். ஒற்றைக் காலில் தாவவிட்டு, இரண்டு காலும் தாவும் தூரத்தை டேப்பால் அளந்து ஒப்பிடுகிறார்கள். மேசையில் படுக்க வைத்து ‘டக்’ என்று திருகுவது இதில் சின்னப் பங்கு.

1895இல் இத்தொழிலைத் தொடங்கிய பால்மர், முதுகெலும்பைத் தள்ளிக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். நான் நம்பவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் அது செல்லாது. கூடவே ஆர்த்தோ டாக்டரும் பிசியோவும் நிற்கிறார்கள், உளறினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் போகட்டும் என்பேன்.

அப்புறம் பணம். ஒன்டாரியோ அரசுக் காப்பீடு கைரோபிராக்டிக்குக்குப் பணம் தருவதை 2004 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. ரெசிடென்சி முடித்தாலும் வருமானம் நோயாளியின் தனியார் காப்பீட்டையும் பையையும் நம்பித்தான். உறவினர் சொல்வதை விடுங்கள். கல்விக் கடன் எவ்வளவு, இந்த இரண்டு வருடம் யார் கட்டுவது என்று மகனோடு உட்கார்ந்து பேசுங்கள்.