வாசகர் கேள்வி-பதில்: ஒரே மேடையில் பல கலைகள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை கர்நாடக இசை, பரதநாட்டியம், நாடகம், நாகஸ்வரம், தெருக்கூத்து ஆகியவற்றைக் கலந்து நடத்த விரும்புகிறோம். இப்படிக் கலந்து வைத்தால் எதற்குமே கூட்டம் சேராது என்கிறார்கள். உண்மையா?
- ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கலை நிகழ்ச்சிகளை நடத்தும் சங்கங்களான சென்னைச் சபாக்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டிவிடுவார்; ஒரு வாரம் கச்சேரி, மறு வாரம் நாடகம், பிறகு நாட்டியம் என்று எது நடந்தாலும் வந்து அமர்வார். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்ற நாடகக் குழுக்கள் வளர்ந்தது அந்தச் சந்தாவின் பலத்தில்தான். தனியாகச் சீட்டு வாங்கிப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்ற கலையையும் பலர் அங்கே பார்த்துப் பழகினார்கள். ஆகவே, நிகழ்ச்சிதோறும் சீட்டு விற்பதைவிடப் பருவம் முழுவதற்கும் ஒரே சந்தா வாங்குங்கள்.

அறிமுகமில்லாத கலைக்கு முதல் முறை ஆள் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு இருந்த காலத்தில், 1931இல், சென்னை மியூசிக் அகாடமி, தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களை ஆட வைத்தது. வந்தவர்கள் சிலரே. ஆனாலும் 1933இல் அவர்களையே மீண்டும் அழைத்தார்கள். அம்முறை நல்ல கூட்டம் வந்தது. முதல் முறையோடு கைவிட்டிருந்தால் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்காது.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எல்லாக் கலைகளையும் ஒரே இரண்டு மணி நேர அளவுக்குள் அடைத்துவிடாதீர்கள். ஊர்களில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை நடப்பது தெருக்கூத்து. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வேடதாரியின் கிரீடம் மட்டும் தெரிய, அவர் தம் பெருமையைப் பாட, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ‘நீர் யார்?’ என்று கேட்டு இழுக்க, அந்தத் திரைப் பிரவேசமே நெடுநேரம் நீளும். அதைச் சுருக்கினால் பார்ப்பவர்களுக்கு உடையும் ஒப்பனையும்தான் மிஞ்சும். கூடத்துக்கு வெளியே திடலில் ஒரு முழு இரவை அதற்கு ஒதுக்குங்கள். தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை கிராமம் உங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்த கூத்தர்கள் அங்கே இருக்கிறார்கள். எத்தனை மணி நேரம், எந்தக் கதை என்பதை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாகஸ்வரத்துக்கும் இதே நியாயம்தான். தொடக்க நாளில் அரை மணி நேர மங்கல இசை வாசிக்க வைத்து, அதற்குள் பிரமுகர்களை வரவேற்று முடிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பெரும் வருத்தம். தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்துக் கேட்பவர்களை இருக்கவைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அந்த வாத்தியத்துக்கு மாலையின் முதன்மை நேரத்தைத் தாருங்கள். திறந்தவெளிக்கென்றே அமைந்த வாத்தியமாதலால், அதற்கும் தவிலுக்கும் சிறிய கூடத்தில் ஒலிபெருக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் சென்னைக்கு வருகிறேன். மாலைக் கச்சேரிச் சீட்டு என் சக்திக்கு மீறியது. நண்பகல் கச்சேரிகளைக் கேட்பதில் பயன் உண்டா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிச்சயமாக உண்டு. பெரும்பாலான சபாக்களில் நண்பகலும் பிற்பகலும் இளைய கலைஞர்களுக்கான நேரம். அனுமதி பெரும்பாலும் இலவசம். ஒன்றரை மணி நேரமே கிடைப்பதால் பலர் ஒரு ராகத்தை மட்டும் எடுத்து விரிவாகப் பாடுவார்கள். முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்கலாம். மியூசிக் அகாடமியின் காலை நேர விளக்கவுரைகளும் உங்களுக்கு உதவும். ஒரே ஒரு வேண்டுகோள்: தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். அந்த இளம் மிருதங்கக்காரருக்குக் கச்சேரியில் தனியாகக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.