ஜிம்பாப்வே: நாற்காலி ஒருவருக்கு, சாவி இன்னொருவருக்கு

கேள்வி: 2009-ல் ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபேயும், பிரதமரான எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வாங்கிராயும் கூட்டாக அரசு அமைத்தும் ஸ்வாங்கிராயால் ஏன் எதையும் மாற்ற முடியவில்லை?

பதில்: எதையும் என்று சொல்லிவிட முடியாது. நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு அச்சடித்த நாட்டில், அமெரிக்க டாலரும் தென்னாப்பிரிக்காவின் ராண்டும் புழக்கத்துக்கு வந்ததும் விலைவாசி ஏற்றம் நின்றது. நிதித்துறை ஸ்வாங்கிராய் கட்சியின் டெண்டாய் பிட்டியிடம் இருந்தது. ஆனால் மராங்கே வைரச் சுரங்கப் பணம் கஜானாவுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று அவரே வெளிப்படையாகக் குறைப்பட்டார்.

கோளாறு, இருவரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்துகொண்ட 2008 செப்டம்பர் 15 ஒப்பந்தத்திலேயே இருந்தது. அமைச்சர் பதவிகளை எண்ணிப் பிரித்தார்கள்: முகாபே கட்சிக்கு 15, ஸ்வாங்கிராய்க்கு 13, அவர் கட்சியிலிருந்து பிரிந்த அணிக்கு 3. ராணுவம் முகாபே பக்கமே நின்றது. காவல்துறையைக் கவனிக்கும் உள்துறைக்கு இரு கட்சிக்கும் ஒருவராக இரண்டு அமைச்சர்கள்! இப்படி வைத்தால் காவல்துறைத் தலைவர் யார் சொல்வதைக் கேட்பார்? தன்னை நியமித்த அதிபர் சொல்வதைத்தான்.

ரிசர்வ் வங்கி ஆளுநரையும் அட்டர்னி ஜெனரலையும் முகாபே தன்னிச்சையாக நியமித்தார். வேளாண் துணை அமைச்சராகப் பெயர் சொல்லப்பட்ட, ஸ்வாங்கிராய் கட்சியின் ராய் பென்னட், அமைச்சர்கள் பதவியேற்ற நாளிலேயே கைதானார். கடைசிவரை அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. அக்டோபரில் ஸ்வாங்கிராய் அமைச்சரவைக் கூட்டங்களைப் புறக்கணித்தார், சில வாரங்களில் திரும்பினார். வேறு வழி இல்லை. ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை என்ன என்று அதில் எழுதப்படவே இல்லை.

கேள்வி: புதிய அரசியல் சாசனம்கூட உதவவில்லையா?

பதில்: உதவவில்லை. 2013 மார்ச்சில்தான் அதற்கு மக்கள் ஒப்புதல் கிடைத்தது. ஜூலை 31-லேயே தேர்தல். அதற்குள் ராணுவம், காவல்துறை அடங்கிய பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் தொடங்கவே இல்லை.