பட்டவரே ஏன் 'பையா' என்கிறார்?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் ஃபிளாட்டை வாடகைக்கு விடப்போகிறோம். நல்ல வேலையில் இருக்கும் உ.பி. குடும்பம் ஒன்று கேட்கிறது. "பையாக்களுக்கு வீடு கிடையாது" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் மாமனார் ('பையா' என்பது வட இந்தியர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர்). 60-களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்த 'லுங்கி ஹட்டாவ்' (லுங்கியை விரட்டு) கலாட்டாவுக்குப் பயந்து வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு, பேன்ட் போட்டு மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போனவர் அவர். பட்டவரே இப்படிப் பேசலாமா? எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: பட்டதால்தான் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். வேலையைப் பறிக்கிறார்கள் என்று புகார். பிறகு அதே வசனம் வட இந்தியர்கள் பக்கம் திரும்பியது. உங்கள் மாமனாரின் தலை தப்பியது. 'பையா' என்று அவர் சொல்லும்போது, 'நான் இந்த ஊர்க்காரன்' என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது. வெறுப்பைவிட, கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயம்தான் அதிகம்.

இப்படி 'நாம்', 'அவர்கள்' என்று பிரிவதற்குப் பெரிய பகை எதுவும் வேண்டாம். உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பையன்களை எந்த ஓவியரைப் பிடிக்கும் என்ற அற்பக் காரணத்தை வைத்துப் பிரித்தார். தங்கள் அணிக்குக் கிடைக்கும் பணம் குறைந்தாலும் சரி, எதிரணியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பங்கு போட்டார்கள். 1997-ல் ஃபைன், ஸ்பென்சர் என்ற உளவியலாளர்கள் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: அறிவுத் தேர்வில் மட்டம் என்று சொல்லப்பட்ட மாணவர்கள், யூதப் பெண் ஒருத்தியைக் கூடுதலாக மட்டம்தட்டினார்கள், தட்டியபின் அவர்களுடைய தன்மதிப்பு ஏறியது.

அதனால் நாலு பேர் முன்னால் "நீங்களும் அடி வாங்கினவர்தானே மாமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்னும் இறுகிவிடுவார். சாயங்காலக் காபியின்போது, அந்த நாட்களில் அவருக்கு யார் துணை நின்றார்கள் என்று கேளுங்கள். கதையை அவரே சொல்லட்டும்.

பால்காரர், வாட்ச்மேன், டாக்ஸிக்காரர் என்று உ.பி. ஆட்களை அவர் தினமும் பார்க்கிறாரே என்பீர்கள். பார்க்கிறார், ஆனால் மேலிருந்து. பழகினால் தப்பெண்ணம் குறையும் என்று சொன்ன உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், 1954-லேயே சம அந்தஸ்து வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்தக் குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள், சோபாவில் எதிரெதிரே உட்காரட்டும். அப்புறம் 11 மாத ஒப்பந்தம், டெபாசிட், போலீஸ் சரிபார்ப்பு எல்லாவற்றையும் மாமனார் பொறுப்பிலேயே விடுங்கள். வேறு யார் வந்திருந்தாலும் கேட்கும் காகிதங்கள்தான், ஒன்றுகூட அதிகம் வேண்டாம்.