யாருக்கு, எதற்கு, எதுவரை? – வாசகர் கேள்வி-பதில்

தொண்டு நிறுவனங்களில் கணக்கு எழுதியும் களத்தில் அலைந்தும் ஓய்வுபெற்ற ஓர் அம்மா இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ‘நோக்கம்’ பற்றியே கேட்டிருந்தன.

கேள்வி: அம்மா, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்குகிறோம். நோக்கம் என்ற இடத்தில், “கல்வி, மருத்துவம், முதியோர் நலம், பெண்கள் முன்னேற்றம், மரம் நடுதல், விலங்குகள் பாதுகாப்பு ஆகியவற்றின் வழியாக எளியோர் வாழ்வில் ஒளியேற்றுதல்” என்று எழுதியிருக்கிறோம். சரியாக இருக்கிறதா?

பதிவுப் பத்திரத்துக்குச் சரி. பின்னால் எந்த வேலையை எடுத்தாலும் சிக்கல் வராதபடி விரித்து எழுதத்தான் வக்கீல்களும் சொல்வார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் என்ன செய்வீர்கள் என்பது இந்த வரியைப் படித்தால் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பத்திரம் அப்படியே இருக்கட்டும். தனியாக ஒரு தாளில் உங்களுக்கென்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். யாருக்கு வேலை செய்கிறோம், அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறவேண்டும், மாறிவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். ‘எளியோர்’ என்றால் யார்? கண்புரை வந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிய பெரியவரா, பள்ளியிலிருந்து நின்றுபோன பையனா? இருவரும் எளியவர்கள்தான். ஆனால் ஒருவருக்கு வேண்டியது அறுவை சிகிச்சை. மற்றவருக்கு எது வேண்டும் என்று அவன் வீட்டில் போய் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

எழுதியதும் ஒரு சோதனை வையுங்கள். நல்ல மனசுள்ள ஒருவர் நல்ல காரியம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறார். உங்கள் வாக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தாளைக் காட்டி, “இது எங்கள் வேலை இல்லைங்க” என்று அவரிடம் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை.

நான் கணக்குப் பார்த்த சின்ன நிறுவனம் ஒன்று, காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஒருவர் தையல் இயந்திரங்கள் கொடுத்தார், தையல் வகுப்பு வந்தது. இன்னொருவர் நிலம் கொடுத்தார், நாற்றங்கால் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆளுக்குச் சம்பளம், தண்ணீருக்கு மோட்டார். ஒரு வருடக் கடைசியில் செலவுப் பேரேட்டைப் புரட்டினால், காதுக் கருவியின் பேட்டரி எங்கேயோ கடைசித் தலைப்பில் கிடந்தது. அந்த வருடம் அதற்குப் பணம் போதவில்லை. பிள்ளைகள் காதில் கருவி இருந்தது, அதற்குள் பேட்டரி இல்லை. அங்கே கெட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இனி, நோக்கத்தைக் கூர்மையாக வைத்துக்கொண்டு வேலை செய்த ஒரு கதை. வங்கதேசத்தில் 1972ல் ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் அமைப்பு, 1980ல் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. வயிற்றுப்போக்கில் நீர்வற்றிக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடை எட்டாத ஊர்கள். ‘குழந்தை நலம் பேணுதல்’ என்று எழுதிவிட்டு ஒரு கட்டிடம் கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே உயிர்காக்கும் கரைசலைக் கலக்க ஒவ்வொரு தாய்க்கும் தெரியவேண்டும், அதுதான் வேலை என்று வைத்துக்கொண்டார்கள். மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பெண் ஊழியர்கள் வீடுவீடாகப் போய், தாயின் கையாலேயே கலக்கவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சம்பள ஏற்பாடு. எத்தனை வீடு போனாய் என்று பார்த்துக் காசு கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறோர் ஆள் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போவார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் ஊழியருக்கு ஊதியம். கணக்கு எழுதியவள் என்பதால் சொல்கிறேன், ஒரு நிறுவனத்தின் உண்மையான நோக்கம் சுவரில் மாட்டிய பலகையில் இருக்காது, சம்பளப் பட்டியலில் இருக்கும்.

அப்படியும் ஆரம்பத்தில் இடறல். தாய்மாருக்குப் பாடம் தெரிந்தது, ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. விசாரித்தால், கற்றுக்கொடுத்தவர்களுக்கே அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை தேடினார்கள். அதைச் சரிசெய்தார்கள், வீட்டு ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் வாக்கியமும் இப்படி, போய்ப் பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ‘ஒளியேற்றுதல்’ நடந்ததா இல்லையா என்று எந்த வீட்டில் போய்ப் பார்ப்பீர்கள்?

கேள்வி: மாதாமாதம் ஒரு நிறுவனத்துக்குப் பணம் அனுப்புகிறேன். அதன் ஆண்டறிக்கையில் சம்பளம், வாடகை, கணினி என்று கணிசமாகப் போகிறது. நான் ஏழைகளுக்குக் கொடுத்த பணத்தில் இவர்கள் சம்பளம் எடுக்கலாமா?

எடுக்கலாம். முந்தின பதிலில் வீடுவீடாகப் போன பெண்களும் சம்பளம் வாங்கியவர்கள்தான்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை எடைபோடும் அமைப்புகள் மூன்று, 2013ல் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பதே அதன் சாரம். நானே பார்த்திருக்கிறேன். விகிதத்தைக் குறைத்துக் காட்ட ஓட்டுநர் சம்பளத்தை ‘மருத்துவ முகாம்’ தலைப்பில் எழுதுவார்கள். வாடகையில் பாதி ‘கல்வி’யில் போய் உட்காரும். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்கவேண்டியது வேறு. தணிக்கை செய்த கணக்கு வருடாவருடம் வெளியாகிறதா? நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்து ஆட்களா? போன வருடம் எது சரியாக நடக்கவில்லை என்று அறிக்கையில் ஒரு பத்தியாவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. இருந்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நோக்கம் நிறைவேறிவிட்டது என்று கடையைக் கட்டிய தொண்டு நிறுவனம் ஏதாவது உண்டா?

கட்டலாமா என்று நிஜமாகவே யோசிக்கவேண்டி வந்த நிறுவனம் ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921லிருந்து கால்கள் முடங்கியவர். இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க 1938ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மக்கள் பத்து சென்ட் நாணயங்களை வெள்ளை மாளிகைக்கே அனுப்பிக் குவித்தார்கள். அந்த நாணயத்துக்கு அங்கே ‘டைம்’ (dime) என்று பெயர். அமைப்பின் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் போனது. 1955ல் ஊசி பலிக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

இப்போது என்ன செய்வது? ஊரெல்லாம் கிளைகள், தன்னார்வலர்கள், பணம் திரட்டும் பழக்கம் எல்லாம் கையில் இருக்கிறது, நோய்தான் போய்க்கொண்டிருக்கிறது. 1958ல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பினார்கள். இன்றும் தாய்சேய் நலத்தில் வேலை செய்கிறார்கள். அது சரியா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பகிரங்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். தீர்ந்துபோன பிரச்சினையின் படத்தையே காட்டிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால்தான் தப்பு.

முடிவை நெருங்கிக்கொண்டிருக்கும் வேலையும் ஒன்று உண்டு. நரம்புச் சிலந்திப் புழு, குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போவது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மையம் 1986ல் இதில் இறங்கியபோது ஆண்டுக்கு சுமார் 35 லட்சம் பேரை அந்தப் புழு பிடித்தது. தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவேண்டும், புழு வெளிவரும் புண்ணோடு குளத்தில் இறங்கக்கூடாது. இதை ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லியே, இப்போது உலகம் முழுக்க ஆண்டுக்குச் சில பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கேள்வி: ஏழைக்குக் கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடமாட்டாரா? பொருளாகக் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

உலக வங்கி 2014ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தது. உதவிப் பணம் வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாக அநேகமாக எங்கும் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தே இருக்கிறது. சந்தையில் பொருளே கிடைக்காத வெள்ளக் காலத்தில் பொருள் கொடுங்கள். மற்ற நேரத்தில், தனக்கு எது வேண்டும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: போர் நடக்கும் இடங்களில் செஞ்சிலுவையும் இருக்கிறது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு அமைப்பு எதற்கு?

வேலை ஒன்றுபோலத் தெரியும், நோக்கம் வேறு. இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் 1859ல் காயம்பட்டவர்கள் கேட்பாரில்லாமல் கிடந்ததை ஆன்ரி துனான் என்ற சுவிஸ் வணிகர் பார்த்தார். அதிலிருந்து 1863ல் ஜெனீவாவில் செஞ்சிலுவையின் முதல் குழு பிறந்தது. இரண்டு தரப்பும் தங்களை நம்பவேண்டும், அப்போதுதான் சிறைக்குள்ளே போய்க் கைதியைப் பார்க்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் பார்த்ததைப் பொதுவாக வெளியே பேசமாட்டார்கள்.

நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ராவில் நடந்த போரில் செஞ்சிலுவைக்காக வேலை பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971ல் தொடங்கியதுதான் மற்றது. சிகிச்சையும் தருவோம், கண்ணால் கண்டதைச் சொல்லவும் செய்வோம் என்கிறது அது. பேசினால் சில சமயம் வெளியேற்றிவிடுவார்கள். பேசாவிட்டால் கதவு திறந்திருக்கும், ஆனால் வெளியுலகத்துக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே அமைப்பு செய்ய முடியாது. இணைத்தால் ஒன்று போய்விடும்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். விடுமுறையில் இரண்டு வாரம் ஓர் அனாதை இல்லத்தில் தங்கிப் பாடம் சொல்லித்தர ஆசை. போகலாமா அம்மா?

வேண்டாம்மா. உங்கள் மனசில் குறை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வந்தவரிடமெல்லாம் ஒட்டிக்கொண்டு, போனபோதெல்லாம் அழுது பழகியிருப்பார்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. வருகிறவர்களுக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்களும் உண்டு. இதில் உள்ள தீங்கைத் தடுக்கவேண்டும் என்று 2019ல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் சேர்த்தது. குடும்பத்தோடு பிள்ளையைச் சேர்த்துவைக்கும் அமைப்பாகப் பார்த்து, அங்கே கணினியில் பதிவேடு போட்டுக்கொடுங்கள். அலுப்பான வேலை, ஆனால் ஆள் கிடைக்காத வேலை.

கேள்வி: குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பம்பு ஒன்று வந்ததே, அருமையான யோசனை. அது என்ன ஆனது?

‘ப்ளே பம்ப்’. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 2006ல் அமெரிக்காவில் பெரும் பண உறுதிமொழிகளைப் பெற்றது. அவர்கள் சொன்ன அளவு தண்ணீர் வரவேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாடவேண்டும் என்று 2009ல் ஒரு பிரிட்டிஷ் நாளேடு கணக்குப் போட்டது. பல ஊர்களில் கடைசியில் பெண்கள்தான் அந்த ராட்டினத்தைக் கையால் சுற்றினார்கள். முன்பு இருந்த கைப்பம்பே சுலபம் என்றார்கள். பணம் கொடுத்தவர்களைச் சந்தோஷப்படுத்திய யோசனை அது. தண்ணீர் எடுக்கிறவர்களை முதலில் யாராவது கேட்டிருக்கலாம்.

கேள்வி: கொடுக்கிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம் உலகத்தில் உண்டா?

உண்டு. 2004 டிசம்பர் சுனாமி முடிந்து சில நாட்களிலேயே, சுனாமிக்கென்று இனிப் பணம் அனுப்பவேண்டாம், எங்களால் அங்கே செய்ய முடிந்த வேலைக்குப் போதுமானது வந்துவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அறிவித்தார்கள். வந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள். மற்ற நிறுவனங்கள் சிலவற்றுக்கு அப்போது இது பிடிக்கவில்லை, பணம் வருவது நின்றுவிடுமே என்ற பயம்.

அப்புறம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கையான நிறுவனம் என்று தெரிந்து பணம் அனுப்பினால், ‘இந்தத் திட்டத்துக்கு மட்டும்’ என்று கட்டிப்போடாமல் ‘பொது நிதிக்கு’ என்று எழுதி அனுப்புங்கள். காதுக் கருவிக்குப் பேட்டரி அதிலிருந்துதான் வாங்குவார்கள்.