இடுப்பெலும்பில் எடுத்த ஸ்டெம் செல் மூளையில் போய் என்ன செய்யும்?

வாசகி ஒருவரின் கேள்வி: "என் பையனுக்கு நாலு வயது. குறைமாதத்தில் பிறந்தவன், மூளை முடக்குவாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டால், அது மூளைக்குப் போய்ச் செத்துப்போன செல்களுக்குப் பதிலாக வளரும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். மூன்று ஊசி போட வேண்டுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. போடலாமா மேடம்?"

வேண்டாம்மா, போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அந்த மையத்திலிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள், அப்போது என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டெம் செல் என்றால் எதுவாகவும் மாறும், எங்கே விட்டாலும் பழுதான இடத்தைத் தேடிப் போய்ச் சரிசெய்யும் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. எலிக்கருவின் மூளையில் இந்த செல்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அவற்றுக்குத் தானாக ஒரு வழியும் தெரியாது. சுற்றியிருக்கும் செல்கள் சொல்ல வேண்டும், அதுவும் சரியான நாளில், சரியான அளவில்.

கரு உருவாகி நான்கு வாரத்துக்குள், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகாத சமயத்தில், கருவின் முதுகுப் பக்கத்துத் தகடு சுருண்டு குழலாக மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் இந்த நரம்புக்குழலிலிருந்து வருபவைதான். அதன் சுவரில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஆரம்பத்தில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். குழலின் அடிப்பக்கத்திலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் சுரக்கிறது. ஊதுவத்தி ஏற்றிய இடத்தில் வாசனை தூக்கலாகவும் தள்ளிப் போகப் போகக் குறைந்தும் இருப்பது போல, அடியில் அது அதிகம், மேலே குறைவு. மேல்பக்கத்திலிருந்து பி.எம்.பி., வின்ட் என்று வேறு புரதங்கள் எதிர்த்திசையில் பரவுகின்றன. தண்டுவடத்தில் ஒரு செல் தசையை அசைக்கும் நரம்பாகப் போகிறதா, தொடுவுணர்வை வாங்கிக் கடத்தும் நரம்பாகப் போகிறதா என்பது, எந்தப் புரதம் அதன்மேல் எவ்வளவு, எத்தனை நேரம் பட்டது என்பதை வைத்துத்தான் முடிவாகிறது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தேடிப் பார்த்ததில், சினையான 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு மேய்ந்த ஒரு காட்டுச்செடிதான் காரணம் என்று தெரிந்தது. அதிலிருக்கும் சைக்ளோபமைன் என்ற பொருள், சோனிக் ஹெட்ஜ்ஹாக் கொண்டுவரும் சேதி செல்லுக்குள் போகாமல் அடைத்துவிடுகிறது, அதனால் மூளையின் முன்பகுதி இரண்டாகப் பிரிவதே இல்லை. அதே செடியை இன்னும் பல நாள் கழித்து மேய்ந்திருந்தால் ஒற்றைக்கண் வந்திருக்காது.

அடுத்த கட்டம்தான் எனக்கு இன்றும் அலுக்காதது. ஸ்டெம் செல் ஒவ்வொன்றும் மூளையின் உள்ளே இருக்கும் நீர் அறையை ஒட்டிக் காலூன்றி, வெளிப்பரப்பு வரை ஒரு நீண்ட நாரை நீட்டி நிற்கும். ரேடியல் கிளியா என்று பெயர். எலிக்கருவின் மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, செல்களை ஒளிரச் செய்து, ராத்திரி முழுக்க கேமராவை ஓடவிட்டுக் காலையில் வேகமாக ஓட்டிப் பார்த்தால், உட்கரு கிணற்று வாளி மாதிரி மேலே போவதும் கீழே வருவதும் தெரியும். நீர் அறைப் பக்கம் இறங்கியதும் செல் உருண்டு, இரண்டாகப் பிரியும். பல சமயம் ஒன்று நரம்பாகக் கிளம்பும், மற்றது ஸ்டெம் செல்லாகவே இருந்துவிடும். கிளம்புகிற செல் தன் மேற்பரப்பில் டெல்டா என்ற புரதத்தைக் காட்ட, ஒட்டியிருக்கும் செல்லின் நாட்ச் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். 'நான் போகிறேன், நீ இரு' என்ற சேதி அங்கே போய்விடும். இந்தச் சேதி இல்லாமல் எல்லாமே சீக்கிரம் நரம்பாகிவிட்டால், விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியது போலத்தான், அடுத்த போகத்துக்கு எதுவும் மிஞ்சாது. கிளம்பிய நரம்பு அந்த நாரைப் பிடித்தே மேலே ஏறி, தனக்கு முன்னால் பிறந்தவற்றைத் தாண்டிப் போய் உட்காரும். மேல்தளத்தில் ரீலின் என்ற புரதம் இல்லாவிட்டால் இந்த அடுக்கே குழம்பிவிடும்.

மனிதக் கருவில் பெருமூளையின் மேலடுக்கு நரம்புகளில் பெரும்பங்கு ஆறாம் மாதத்துக்குள் பிறந்துவிடுகிறது. அப்புறம் ரேடியல் கிளியா பெரும்பாலும் நரம்புகளுக்குத் துணைநிற்கும் வேறு செல்களாக மாறிவிடும். ஏறிப் போன ஏணியை எடுத்தாயிற்று.

இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். அவன் எலும்பு மஜ்ஜையில் இருப்பவை ரத்தத்தையும் எலும்பையும் உண்டாக்கும் பரம்பரையில் வந்த செல்கள். நாலு வயது மூளையில் அவற்றுக்கு வழிசொல்ல மேலே சொன்ன எந்த ஏற்பாடும் அப்படியே காத்துக்கொண்டிருக்கவில்லை. மஜ்ஜை செல் எலி மூளையில் நரம்பாக மாறியது என்று ஒரு காலத்தில் கட்டுரைகள் வந்தது உண்மைதான். அவற்றில் பல, மஜ்ஜை செல் ஏற்கெனவே இருந்த நரம்போடு ஒட்டி ஒன்றாகிப்போனது என்று பிறகு தெரியவந்தது. இன்னொன்று, குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அடிபடுவது நரம்புகளின் இணைப்பு ஓடும் வெள்ளைப் பகுதி. காலியான இடத்தில் புது செல்லை நட்டால் போதும் என்கிற கணக்கே அங்கே பொருந்தாது.

உண்மையான ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்காக ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2018இல் ஆரம்பித்த சோதனையில், செல்களுக்கு முதலில் தட்டிலேயே வாரக்கணக்கில் கருவில் கிடைக்கும் அதே சேதிகளை வரிசையாகக் கொடுத்து, பாதி வழி வளர்த்து, அப்புறம்தான் மூளையின் குறிப்பிட்ட இடத்தில் வைத்தார்கள். அங்கே சரிசெய்ய வேண்டியது ஒரே வகை நரம்பு. எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்திக்கொண்ட ஒரு சிறுவனுக்கு, நாலு வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வளர்ந்திருந்தது, அந்தக் கட்டி தானம் கொடுத்த செல்களிலிருந்தே வந்தது என்று 2009இல் நிரூபித்தார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு வகை செல், அதே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ஸ்டெம் செல்தானே, ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் சோதனைகள் உலகில் நடக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றின் நோக்கம், செல்கள் சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைக் குறைக்குமா என்று பார்ப்பதுதான், புது மூளை வளர்ப்பது அல்ல. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் ஆராய்ச்சிதான், காசு வாங்கி விற்கக் கூடாது. அதனால் அந்த மையம் கூப்பிட்டால் இரண்டே கேள்வி கேளுங்கள்: சி.டி.ஆர்.ஐ., அதாவது மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன, ஆராய்ச்சி என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

நாலு வயதில் புது நரம்புகளைப் பிறக்க வைக்க முடியாதே தவிர, இருக்கிற நரம்புகள் தங்கள் இணைப்பை மாற்றிக்கொள்ளும் திறன் அவனுக்கு நன்றாகவே இருக்கிறது. அவன் தானே முயன்று செய்கிற காரியத்தால்தான் அந்த இணைப்புகள் பலப்படும். அவனைப் படுக்கவைத்துக் கையைக் காலை நாம் நீட்டி மடக்குவது மட்டும் போதாது. ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், தெரபிஸ்ட் மேற்பார்வையில் நல்ல கைக்கு உறை போட்டு, மெலிந்த கையால் தட்டிலிருந்து முறுக்கு எடுக்கப் பழக்குகிற மாதிரி பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை முன்கூட்டியே கவனிக்கும் மாவட்ட மையம் ஒன்று இருக்கும், அங்கே காட்டுங்கள். போகும்போது அவனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுவிடுங்கள், இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு வலியே இல்லாமல் மெல்ல நழுவும், முன்கூட்டியே பார்த்துவிட்டால் தடுக்க வழி உண்டு.