கப்பல் அறையில் கைத்துவையல்: கேளுங்கள், சொல்கிறேன்

தைப்பூச நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொரீஷியஸுக்குப் போகும் கப்பலில் நம் குழுவில் பலர் இடம் பிடித்திருக்கிறார்கள். டர்பனுக்கு அருகே பீனிக்ஸில் நெடுங்காலம் சலவைக்கடை வைத்திருந்தவள், கப்பலிலும் போய்வந்தவள் என்பதால் துணி பற்றிய கேள்விகளையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, இவ்வளவு பெரிய கப்பலில் துவைக்கும் இயந்திரம் இருக்காதா? விடுமுறையிலும் கையால்தான் துவைக்க வேண்டுமா?

இயந்திரம் இருக்கிறது, கீழ்த்தளத்தில், ஊழியர்களின் கையில். பிரின்சஸ், கார்னிவல் போன்ற நிறுவனங்களின் பல கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளத் தனி அறை உண்டு. டர்பனிலிருந்து புறப்படும் எம்.எஸ்.சி. நிறுவனத்தின் கப்பல்களில் அந்த வசதி இல்லை. அறையில் ஒரு பையும் விலைப்பட்டியலும் வைத்திருப்பார்கள். பையில் போட்டுக் கொடுத்தால் துவைத்துத் தருவார்கள், ஒவ்வொரு துணிக்கும் தனித்தனிக் கட்டணம்.

அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விருந்து இரவுக்கான வெள்ளைச் சட்டை, கால்சட்டை, பெரிய கவுன் எல்லாம் அவர்களிடமே போகட்டும். சலவைக்கடைக்காரி சொல்கிறேன், அந்தக் காசு வீண் இல்லை. உள்ளாடை, காலுறை, பனியன், இரவு உடை, நீச்சலுடை, குழந்தைகளின் சிறு துணி, இவைதான் கைத்துவையலுக்கு. ஒரு ஜோடிக் காலுறையைத் துவைக்கக் கேட்கும் தொகையைப் பட்டியலில் பார்த்தால் நீங்களே வாஷ்பேசின் பக்கம் நடப்பீர்கள்.

பயணத்தின் நடுவில் ஒரு பை நிறைய ஒரே விலை என்று சில கப்பல்களில் சலுகைச் சீட்டு வரும். அது வந்தால் கனமான துணிகளை அதில் அடைத்து அனுப்புங்கள்.

மெரிபேங்கிலிருந்து: ஓமோ தூள் கொண்டுபோகலாமா? எவ்வளவு வேண்டும்?

கொண்டுபோவதைத் தடுப்பவர் இல்லை. ஆனால் பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் வெள்ளைத் தூளைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பாதுகாப்புச் சோதனையில் நின்று விளக்கம் சொல்ல உங்களுக்கு ஆசையா? அதோடு, தூள் குளிர்ந்த நீரில் முழுதாகக் கரையாது. கரையாத துணுக்கு கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டாக நிற்கும்.

நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பச்சை சன்லைட் சலவைக் கட்டியில் கால் பங்கை வெட்டி, சோப்புப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிந்தாது, கழுத்துப்பட்டையிலும் அக்குளிலும் நேராகத் தேய்க்கலாம், இரண்டு பேருக்குப் பயணம் முழுவதும் போதும்.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கப்பலில் குழாயில் வரும் நீரில் பெரும்பகுதி கடல்நீரைக் காய்ச்சியோ, சவ்வு வழியே அழுத்தி வடித்தோ எடுத்தது. சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீர். மென்னீரில் சோப்பு எளிதாக நுரைக்கும், ஆனால் சீக்கிரம் அலசிப் போகாது. வீட்டில் போடுவதில் பாதிக்கும் குறைவாகப் போட்டுத் தொடங்குங்கள். சோப்பு தங்கிய துணி காய்ந்தபின் விறைப்பாக இருக்கும், வியர்வை பட்டால் தோல் அரிக்கும். துணியை மென்மையாக்கும் ஸ்டா-சாஃப்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, தனியாகப் பயணம் செய்யும் ஒரு தம்பி: நான் துணி துவைத்ததே இல்லை. தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் அக்கா.

கேட்டாயே, அதுவே பெரிது தம்பி. முதலில் வாஷ்பேசினைத் துடை. அதில் முகச்சவர முடியும் பற்பசையும் ஒட்டியிருக்கும். அடுத்து அடைப்பானைப் பார். கப்பல் வாஷ்பேசின்களின் அடைப்பான் பல நேரம் நீரை மெல்ல ஒழுகவிடும். எந்தத் துளையையும் மூடும் தட்டையான ரப்பர் வட்டு பயணச் சாமான் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள். அது இல்லாவிட்டால் நீர் புகாத கனமான பிளாஸ்டிக் பையே வாளி: துணி, நீர், கொஞ்சம் சோப்பு போட்டு வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்கு.

வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்தபின் துணியைப் போடு. கால் மணி நேரம் ஊறட்டும், அதற்குள் குளித்துவிட்டு வா. பிறகு அழுக்குப் பிடிக்கும் இடங்களை மட்டும் கசக்கு. முழுத் துணியையும் கல்லில் அடிப்பதுபோல் வதைக்காதே, ஒரு நாள் உடுத்திய துணியில் இருப்பது பெரும்பாலும் வியர்வைதான். சோப்பு நீரை வடியவிட்டு, புது நீரில் இரண்டு முறையாவது அலசு. நீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், கணக்குக்கு அலசுவதில் பயனில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துணிக்கு மேல் வேண்டாம். சேர்த்துவைத்து ஒரே நாளில் துவைப்பவர்கள் குளியலறையையே துணிக்காடாக்கிவிட்டு, இரவில் பல் தேய்க்க இடமில்லாமல் நிற்பார்கள்.

வெருலத்திலிருந்து: துவைப்பது சரி. காய்வதே இல்லையே? போன முறை இரண்டு நாள் கழித்தும் ஈரம், கூடவே நாற்றம்.

இதுதான் சரியான கேள்வி. டர்பன் டிசம்பரில் கொடியில் துணி எப்படி ஈரத்தோடு தொங்கும் என்று நமக்குத் தெரியாதா? கப்பல் குளியலறையில் அதைவிடக் காற்று குறைவு. ஆகவே கொடியில் காய்கிற வேலையில் பெரும்பகுதியை, கொடியில் போடுவதற்கு முன்பே நாம் முடித்துவிட வேண்டும்.

துணியைக் கையால் அழுத்திப் பிழியுங்கள், முறுக்காதீர்கள். உலர்ந்த துவாலையைக் கட்டிலிலோ தரையிலோ விரித்து, துணியை அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகப் பாய்போல் சுருட்டுங்கள். சுருளின் மேல் முழங்காலை ஊன்றி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்திக்கொண்டே போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்றுகொண்டே மிதிக்கலாம். பிரித்தால் துவாலை கனத்திருக்கும், துணி சற்றே ஈரமாக இருக்கும். கனமான துணிக்கு இன்னொரு உலர்ந்த துவாலையோடு மறுபடி ஒரு முறை. பொருத்தமான துணியாக இருந்தால் காலையில் உடுத்தலாம்.

எங்கே போடுவது? பல அறைகளில் குளிக்கும் இடத்துச் சுவரில் ஒரு சிறு வட்டப் பெட்டி இருக்கும். அதை இழுத்தால் கொடி வரும், எதிர்ச்சுவரில் மாட்டலாம். மெல்லிய கொடி, ஈரச் சேலையைத் தாங்காது. குளியலறைக் கூரையில் காற்றை உறிஞ்சும் துளை எந்நேரமும் வேலை செய்யும். அறையின் குளிர்சாதனத்திலிருந்து வரும் குளிர்காற்று உலர்ந்த காற்று. குளியலறைக் கதவைச் சற்றுத் திறந்துவைத்தால் அந்த உலர்ந்த காற்று துணிகளைத் தாண்டிப் போய் மேலே வெளியேறும். கதவை இறுக மூடிவிட்டு, காயவில்லை என்று புலம்புவோர்தான் அதிகம்.

கப்பல் அறைச் சுவர்களும் கூரையும் பெரும்பாலும் எஃகுத் தகடு. காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். நாலைந்து கொக்கி, சட்டை மாட்டும் தாங்கி, சில கிளிப், இவ்வளவு போதும். குளிர்காற்று வரும் துளைக்கு அருகே மாட்டுங்கள், துளையையே மூடிவிடாதீர்கள்.

பால்கனி? வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும், துணி பிசுபிசுப்பாகவே இருக்கும். காற்றில் பறந்தால் உங்கள் பனியன் இந்துமாக் கடலுக்குச் சொந்தம். அதைவிட முக்கியம், தீ. 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் தொடங்கிய தீ அடுத்தடுத்த தளங்களுக்குத் தாவியது, ஒரு பயணி இறந்துபோனார். அணைக்காத சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்றார்கள். கப்பல்காரர்கள் பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

லெனேசியாவிலிருந்து: சிறிய பயண இஸ்திரிப்பெட்டி எடுத்துவரலாமா?

வராதீர்கள். ஏறும்போதே எடுத்துவைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். ஆவிப்பெட்டியும் அப்படியே. கப்பலில் தீ என்றால் வெளியே ஓடத் தெரு இல்லை. 1998 ஜூலையில் கார்னிவல் எக்ஸ்டசி கப்பலில் மூண்ட தீ சலவைக்கூடத்தில்தான் தொடங்கியது. உலோகப் பற்றவைப்பு (வெல்டிங்) வேலையின் பொறி துணிப் பஞ்சில் விழுந்து பிடித்துக்கொண்டது. விளக்கின்மேல் காலுறையைப் போட்டு உலர்த்துவோர், முடி உலர்த்தியைத் துணிக்குள் செருகிவைத்துவிட்டு வெளியே போவோர் இதை இன்னொரு முறை படிக்கவும்.

சுருக்கம் போக வேண்டுமானால், சுடுநீரில் குளிக்கும்போது உடையைக் குளியலறையில் தாங்கியில் மாட்டிவைத்து, பிறகு கையால் நீவிவிடுங்கள். பருத்தியில் முழுதாகப் போகாது, மற்றவற்றில் போதுமான அளவு போகும்.

ஷால்கிராஸிலிருந்து: அவர் ஜீன்ஸ் இரண்டு எடுத்துவைத்திருக்கிறார். அதையும் துவைக்கலாமா?

துவைக்கலாம். டர்பன் திரும்பும்போதும் ஈரமாக இருக்கும். அவரையே பிழியச் சொல்லுங்கள்.

டொங்காட்டிலிருந்து: அப்படியானால் எந்தத் துணியை எடுத்துவைப்பது?

பாலியஸ்டர், நைலான், மெல்லிய மெரினோ கம்பளி, இவை ஓரிரவில் காயும். மெல்லிய பருத்தி ஒரு பகல் ஓரிரவு கேட்கும். தடித்த பருத்தி, ஜீன்ஸ், துவாலைத் துணி கைத்துவையலுக்கு ஆகாது. பட்டுச்சேலையை நனைக்கவே வேண்டாம். உடுத்தியபின் காற்றாட விரித்துவைத்து, மடித்து, ஊருக்கு வந்து கொடுங்கள். பெட்டி கட்டும்போதே ஒரு துணியை நனைத்து, துவாலையில் சுருட்டி, வீட்டுக்குள் மாட்டிப் பாருங்கள். காலையில் காயாவிட்டால் அது பெட்டிக்குள் போகக் கூடாது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: போர்ட் லூயிஸில் காவடிக்குப் போகிறோம். மஞ்சள் துணியை அறையில் எப்படித் துவைப்பது?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி பொது விடுமுறை நாள், கூட்டம் நன்றாக இருக்கும். பால், விபூதி, மஞ்சள், எண்ணெய், வியர்வை எல்லாம் ஒரே துணியில் வந்து சேரும். வரிசை முக்கியம். விபூதியை உலர்ந்திருக்கும்போதே உதறுங்கள், நனைந்தால் சேறாகும். பால் பட்ட இடத்தை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சுடுநீர் ஊற்றினால் பாலின் புரதம் இழையிலேயே இறுகி, மறுநாள் புளித்த வாடை வரும். எண்ணெய்க் கறைக்குப் பிறகு வெதுவெதுப்பான நீரும் சோப்பும்.

மஞ்சள் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கப்பலின் வெள்ளைத் துவாலையில் சுருட்டக் கூடாது என்பதைத்தான் பலர் மறப்பார்கள். துவாலை கறையானால் கணக்கில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. வீட்டிலிருந்து பழைய அடர்நிறத் துவாலை ஒன்று எடுத்துப்போங்கள். ஊறவைத்த உடனே வாஷ்பேசினையும் கழுவிவிடுங்கள், மஞ்சள் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும்.

பீனிக்ஸிலிருந்து: துறைமுகத்துக்குப் போகும் வழியில் பன்னி சோ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிடுவது எங்கள் வழக்கம். சட்டையில் குழம்பு பட்டால்?

கப்பலில் சாப்பாடு கொடுப்பார்கள் என்று நம்பிக்கை இல்லையா? சரி. குழம்புக் கறையில் எண்ணெயும் மஞ்சளும் ஒன்றாக இருக்கின்றன. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எண்ணெயை முதலில் கிளப்ப வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, பின்பக்கமிருந்து தேய்த்து அலசுங்கள். சலவைச் சோப்புப் பட்டதும் கறை செந்நிறமாக மாறும், பயப்படாதீர்கள். சோப்பின் காரம் மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது, அலசினால் பழைய நிறம் திரும்பும்.

மிச்ச மஞ்சளை வெளிச்சம் வெளுக்கும். சன்னல் உள்ள அறையென்றால் கண்ணாடிக்கு அருகே விரித்துவையுங்கள், ஓரளவு வேலை செய்யும். உள்ளறை என்றால் ஊர் திரும்பி வெயிலில் போடும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

டொங்காட்டிலிருந்து: மொசாம்பிக்கில் பொமேனே கடற்கரையில் இறங்கிய பிறகு நீச்சலுடை முழுக்க மணல். அதை?

மணலோடு வாஷ்பேசினுக்குக் கொண்டுவராதீர்கள், குழாய் அடைக்கும். கரையிலேயே உதறி அலசிவிட்டு வாருங்கள். அறையில் குளிர்ந்த நன்னீரில் உப்பும் குளோரினும் போகுமளவுக்கு அலசினால் போதும், தினமும் சோப்பு வேண்டாம். சுடுநீரும் முறுக்கிப் பிழிவதும் நெகிழ் இழையைத் தளரவைக்கும்.

மெரிபேங்கிலிருந்து: குழந்தை வாந்தியெடுத்துவிட்டால்?

இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தத் துணியை வாஷ்பேசினில் அலசவே வேண்டாம். வாந்தியும் பேதியும் தரும் நோரோவைரஸாக இருந்தால், பல் தேய்க்கும் இடத்திலேயே கிருமியைப் பரப்பியதாகிவிடும். பையில் போட்டுக் கட்டி, அறை ஊழியரிடமும் கப்பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவர்கள் தனியாக, அதிகச் சூட்டில் துவைக்க ஏற்பாடு செய்வார்கள். கைக்குச் சோப்பும் நீரும். கிருமிநாசினிச் சாராயத் திரவம் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது.

வெருலத்திலிருந்து: அறையைச் சுத்தம் செய்ய வருபவர் பார்த்தால் என்ன நினைப்பார்? கூச்சமாக இருக்கிறது.

அவர் இதைத் தினமும் பார்க்கிறார். அவர் வேலைக்குத் தடையாகக் குளியலிடத்தில் துணி தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வரும் நேரத்தில் துணிகளைத் தாங்கியோடு அலமாரிக் கதவில் மாற்றிவிடலாம். கூடுதல் துவாலை இரண்டு கேளுங்கள், தருவார்.

லெனேசியாவிலிருந்து: கடைசியாக எந்த நாள்வரை துவைக்கலாம்?

இறங்குவதற்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரவு துவைப்பதுதான் கடைசி. ஈரத் துணியைப் பெட்டியில் அடைத்தால், டர்பனில் இறங்கி ஜொஹானஸ்பர்க் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை வாடை மற்றத் துணிகளுக்கும் ஏறிவிடும். தவறி ஒன்று ஈரமாக மிஞ்சினால் கைப்பையில் தனியாக, பையின் வாயைத் திறந்தே வைத்துக் கொண்டுபோங்கள்.